வேண்டாவின் கை

ஆட்களின் முகம் பட்டாபிக்கு மறந்துபோகும்; எலும்பு மறக்காது. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபது வருஷம் குப்பை கொட்டினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

2003இல் அங்கே மூட்டுவாதத்துக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று டாக்டருக்கே தெரியாது. வருஷ ஆரம்பத்தில் கைக்கு ஒரு படம், முடிவில் ஒரு படம். அந்த இரண்டை வைத்துத்தான் தீர்ப்பு. செய்யூர் வேண்டாவுக்கு இரண்டாவது படம் எடுக்க இன்று கடைசி நாள். தவறினால், ஒரு வருஷமாக அவள் பஸ் ஏறி வந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

பதினோரு மணிக்கு வேண்டாவின் அட்டையை நீட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். பட்டாபி படம் எடுத்து, கழுவி, விளக்கில் மாட்டினார். போன வருஷம் பூச்சி அரித்த மாதிரி இருந்த மூட்டெல்லாம் இப்போது மொழுமொழுவென்று இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் ஓடப் போனவர் வாசலிலேயே நின்றார். சுண்டுவிரலில் எப்போதோ முறிந்து கூடிய தடம் ஒன்று. பழைய படத்தில் அது இல்லை. மருந்து எலும்பை ஆற்றலாம், பழைய முறிவை உண்டாக்குமா?

"உங்க பேர் என்னம்மா?"

"தனகோடி. வேண்டா என் நாத்தனா. அவ மல்லாட்ட புடுங்கினு கீறா சார். ரேஷன் கடைக்கும் அவ கார்டை நான்தான் எடுத்துனு போவேன். இன்னிக்கு ஆள் வரலன்னா பேரை அடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க, அதான் என்னை அனுப்பிவுட்டா."

கோபம் வந்தது; சிரிப்பு அதை முந்திக்கொண்டது. வேண்டாவை உடனே அனுப்பச் சொல்லி செய்யூர் டீக்கடைக்கு போன் போட்டார்.

நாலே முக்காலுக்கு அண்ணன் வண்டியில் வேண்டா வந்து இறங்கினாள், நகக்கண்ணெல்லாம் நிலக்கடலைக் கொல்லை மண். கழுவச் சொல்லிப் படம் எடுத்தார். போன வருஷம் எலும்பு அரித்திருந்த தடம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

"அப்போ குணமாவலியா?" வேண்டாவின் முகம் தொங்கிவிட்டது.

"என் படத்தையே அனுப்பிடுங்க சார்," என்றாள் தனகோடி, பெரிய மனசோடு.

"இந்த நோய் வருஷா வருஷம் எலும்பைத் தின்னும்மா. இந்த வருஷம் தின்னலை. எங்களுக்கு வேண்டியது அதுதான்."

வேண்டா நம்பின மாதிரி தெரியவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இந்த வாரம் கையால் என்ன வேலை செய்ய முடிந்தது என்று பட்டாபி கேட்டார்.

"மூணு நாளா மல்லாட்ட புடுங்கறேன்."

"போன வருஷம் இதே சமயம்?"

வேண்டா யோசித்தாள். "அப்போ என் தலையக்கூட இவதான் பின்னிவுட்டா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்தோ மாவோ, பட்டாபிக்கு மனசு நிறைந்துவிட்டது.

தனகோடி நாத்தனாரின் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தாள். "கை நல்லா ஆயிட்ச்சின்னுதான் நீ கொல்லைக்குப் போயிட்டு என்னை இங்க தொரத்திவுட்டியா?"