பாறை முனையில் மஞ்சள் தொப்பி

ஓவியன் ஆசாவுக்கு மலையை வரையத் தெரியும், மரத்தை இலை இலையாக வரையத் தெரியும். பொய்யை மட்டும் வரையத் தெரியாது. அதனால்தான் அன்று என் மானம் கப்பலேறியது.

கேட்ஸ்கில் மலையில் அந்தக் கோடை முழுக்க அவன் படம் தீட்டினான். நான் கூடையோடு மலையேறினேன். "பழம் பறிக்கப் போறேன்ப்பா" என்று காலையில் கிளம்பி, மாலையில் ஒரு கைப்பிடிப் பழத்தோடு திரும்புவேன். அப்பா ஹட்சன் நதியில் முப்பது வருஷம் பாய்மரப் படகு ஓட்டியவர். "சாயம் பூசறவனுக்கெல்லாம் என் பொண்ணு கிடையாது" என்று ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ ஆசா இல்லாவிட்டால் உயிரே இல்லை.

குளிர்காலத்தில் படம் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. பத்தடி நீளம், இருபுறமும் சிவப்புத் திரை, முன்னால் தொட்டிச் செடிகள். வந்த சனமெல்லாம் தூரத்தைக் கிட்டக் காட்டும் சின்னக் கண்ணாடிகளை வாடகைக்கு எடுத்து இலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த அப்பா, கோட்டுக்குள்ளிருந்து தன் படகுத் தொலைநோக்கியை உருவினார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"ஆசா, பாறை மேல அது யாரு?"

"மலை எவ்வளவு பெருசுன்னு தெரிய ரெண்டு ஆள் வேணுமில்ல?"

"அதுக்கு நாமதான் கிடைச்சோமா?"

"அங்க வேற யாரும் இல்லையே, லவீனியா."

படுபாவி! நகக்கண் அளவுதான். ஆனால் மஞ்சள் தொப்பி, பச்சை நாடா, காலடியில் கூடை, என் கையைப் பிடித்தபடி அவன். தொப்பி அப்பா வாங்கித் தந்தது.

தொலைநோக்கி அருவியில் இறங்கி, பைன் மரங்களைத் தாண்டி, பாறையில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏண்டி, கூடை ஏன் காலியா இருக்கு?"

கூடத்திலிருந்த கண்ணாடிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பயத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கூடியது.

அப்பா நேரே ஆசாவிடம் போனார். "ஏய்யா, இவ கையைப் பிடிச்சிருக்கிறது நீதானே?"

"ஆமாங்க."

"இதெல்லாம் ஒரு பிடியா? ரெண்டு விரல்ல! கீழ கிடுகிடு பள்ளம். என் பொண்ணு விளிம்புல நிக்கறா, தெரியலையா உனக்கு?"

குரல் நடுங்கியது. புயலில்கூட அப்பாவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. என் சிரிப்பு சட்டென்று நின்றது.

"தூரிகையை எடு. அவளை உள்ள தள்ளி நிறுத்து. அப்புறம் பொண்ணு கேளு."

பத்திரிகைக்காரர்கள் கேட்டும் ஓர் இலையைக்கூட மாற்றாதவன் ஆசா. வண்ணப் பெட்டியைத் திறந்து, அத்தனை பேர் முன்னால் முக்காலியில் ஏறினான். என்னை ஒரு நகக்கண் அளவு உள்ளே நகர்த்தினான்.

"இன்னும்" என்றார் அப்பா, தொலைநோக்கியை இறக்காமல்.

நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம்."

கடைசியில் பைன் மரத்தடிக்கே வந்து சேர்ந்தேன். படத்தில் ஆசா என் கையை அழுத்திப் பிடித்திருந்தான்.

"ம். இப்பக் கேளு."

கேட்டான். கூடமே கைதட்டியது. அப்பா தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் தினம் போய்ப் பார்த்தார், நான் அங்கேயே நிற்கிறேனா என்று. ஆசா வரைந்த ஒரே பொய் அதுதான். மலையில் நான் ஒருநாளும் விளிம்பைவிட்டு நகர்ந்ததில்லை.