ஏழு நாற்காலிகளும் ஓர் ஊற்றும்

மார்ச் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வெல்லர்பாஹ் ஊர் மன்றத்துக்கு வந்திருந்த ஏழு உறுப்பினர்கள்: மேசையின் தலைப்பில் மேயர் அலோய்ஸ் கிர்பாஹ். இருபுறமும் துணை மேயர்கள் இருவர். சன்னலோரம் விவசாயி நெக்கெல் ஷ்ராம், அவருக்கு அடுத்து அவருடைய சித்தப்பா மகன்கள் இருவர். கதவோரம், கணப்பின் சூடு எட்டாத நாற்காலியில், லுர்டஸ் ஃபிராகோசோ. ஓட்டில்லாத செயலாளனாகிய நான் சுவரோரச் சிறு மேசையில்.

பொருள் ஒன்றுதான். ஊர் ஊற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பத்து நான்கு மில்லிகிராம். ஐம்பதைத் தாண்டக் கூடாது. ஊற்றைச் சுற்றியுள்ள நிலத்தைக் காப்பு வட்டமாக்கும்படி மாத முடிவுக்குள் அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஊற்றை மூடிவிடுவார்கள். வட்டத்துக்குள் வருவது நெக்கெலின் மக்காச்சோள வயல். வந்துவிட்டால், நைட்ரேட்டுக்குக் காரணமான சாணக்கரைசலை அங்கே ஊற்ற முடியாது. லுர்டஸோ குழந்தைகள் காப்பகத்தில் சமைப்பவர். பதினான்கு குழந்தைகளுக்கு ஐந்து மாதமாகப் பாட்டில் தண்ணீரில் சூப் வைக்கிறார்.

தனக்கோ உறவினருக்கோ தொடர்புள்ள பொருள் வந்தால் உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நெக்கெல் தானாகவே எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார்.

“நான் போறேன். ஆனா மச்சான், என் தங்கச்சியக் கட்டின நீங்க மட்டும் எப்படி உள்ள இருப்பீங்க?”

மேயர் எழுந்தார். சித்தப்பா மகன்களும் எழுந்தார்கள். துணை மேயர்களில் ஒருவர் நெக்கெலுக்கு மாமன் மகன். மற்றவர் மனைவி வழியில் என்ன உறவு என்பதை நெக்கெலே விரல்விட்டு விளக்கினார். ஆறு பேரும் நடையில் காபி இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். நான்கு பேராவது இல்லாமல் கூட்டம் செல்லாது. கலைந்தது என்று எழுதினேன்.

வாசலில் நெக்கெல் லுர்டஸிடம் பணிவாகவே பேசினார். “என்னம்மா பண்றது, சட்டம் அப்படி.”

“உங்க பேரனும் பாட்டில் தண்ணிதான் குடிக்கிறான்.”

“பாட்டில் தண்ணி உடம்புக்கு நல்லதுதானே.”

பத்தாம் தேதி இரண்டாவது கூட்டம். அதே ஆட்கள், அதே நாற்காலிகள். இம்முறை ஆறு பேரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுந்து போனார்கள். காபி இரண்டு சுற்று ஓடியது.

நெக்கெல் சட்டத்தில் உறவுமுறை பற்றிய பக்கத்தை நன்றாகப் படித்திருந்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. இரண்டு முறை கூட்டம் கலைந்தால், மூன்றாவது அழைப்பில் எத்தனை பேர் மிஞ்சினாலும் முடிவு செல்லும். அதை அறிவிப்பின் கடைசி வரியில் அடிக்கோடிட்டே அனுப்பினேன். என் அறிவிப்புகளை எங்கள் ஊரில் தேதி வரைக்கும்தான் படிப்பார்கள்.

பதினேழாம் தேதி ஆறு பேரும் வெளியேறியதும், லுர்டஸும் பழக்கத்தில் கைப்பையை எடுத்தார்.

“உட்காருங்க. இன்னிக்கு நீங்க ஒருத்தரே போதும்” என்றேன்.

விளையாடுகிறேனா என்று கேட்டார். பக்கத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

“போர்ச்சுகல்லேர்ந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இங்க எனக்குன்னு ஒரு சொந்தமும் இல்லையேன்னு நினைக்காத பண்டிகை கிடையாது” என்றவர் கையை உயர்த்தினார்.

எதிர்ப்பவர் உண்டா என்று கேட்பது முறை. கேட்டேன். இல்லை என்றார். ஏகமனதாக என்று எழுதினேன்.

கதவைத் திறந்தபோது நெக்கெல் காபியை ஊதிக்கொண்டிருந்தார். “கலைஞ்சாச்சா?”

“நிறைவேறியாச்சு.”

“யாரு இருந்தா நிறைவேத்த?”

“எங்க எல்லாரையும் நீங்கதானே எண்ணி எண்ணி வெளிய அனுப்பினீங்க, மச்சான்” என்றார் மேயர். “எண்ணாம விட்டது அவங்க ஒருத்தரைத்தான்.”

நெக்கெல் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

கடிதத்தில் லுர்டஸ் ஒப்பமிட்டார், நானும் இட்டேன். உறையை ஒட்ட எடுத்தால், அதன் பசை விளிம்பை நனைக்கும் பஞ்சு தட்டில் காய்ந்து கிடந்தது. லுர்டஸ் அதைக் குழாயில் நனைத்துக் கொண்டுவந்தார்.

“ஒட்டறதுக்கு இந்தத் தண்ணி போதும்.”

ஒட்டிக்கொண்டது. பதினொரு மணிக்கு மஞ்சள் தபால் வண்டி வந்தது. பதிவுத் தபாலாகக் கொடுத்து, ரசீதைக் கோப்பில் வைத்தேன்.