பினாங்கில் ஒரு திங்கட்கிழமை

விஜயலக்ஷ்மிக்குத் திங்கள், புதன், வெள்ளி என்றால் ஆழ்வார்பேட்டைதான். ஆறு வருஷமாக அதில் மாற்றமில்லை. விடிந்தும் விடியாமலும் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து, ஆறரை மணிக்குக் கணவர் வெங்கடரமணனை டயாலிசிஸ் சென்டரின் நான்காம் நம்பர் படுக்கையில் விட்டுவிட்டு, அவர் பதினொரு மணிக்கு எழுந்து வரும்வரை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஊரில் கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் இரண்டு நாளுக்கு மேல் தங்க முடியாது. புனேயில் இருக்கும் மகள் ஹம்சினியின் வீட்டை அவர்கள் வீடியோவில்தான் பார்த்திருந்தார்கள்.

வெங்கடரமணன் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். கப்பலேறும் சரக்குக்கெல்லாம் காகிதம் தயாரிப்பது அவர் வேலை. பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று துறைமுகப் பெயர்களை எழுதி எழுதியே காலம் போனது. அவர் மட்டும் ஒரு தடவைகூடக் கடல் தாண்டியதில்லை. ரிட்டயர் ஆனதும் போகலாம் என்று பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வைத்தார். ரிட்டயர் ஆன அதே வருஷம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

சரோஜாதேவி என்ற பெண்மணி ஜனவரி மாதத்தில் அந்த சென்டருக்கு வந்தாள். பினாங்குக்காரி, அறுபது வயது, அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே 'லா' போடுகிறவள். அவளுக்கும் வாரம் மூன்று டயாலிசிஸ். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்க்க மகனோடு வந்தவள், சென்னையில் தங்கிய ஒரு வாரத்துக்கு இங்கே முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தாள். முதல் நாள் புது இடம், புது நர்ஸ் என்று பயந்துபோய்ப் படுத்திருந்தவளுக்கு ஐந்தாம் நம்பர் படுக்கை கொடுத்தார்கள். பக்கத்தில் வெங்கடரமணன். பினாங்கு என்ற பெயரைக் கேட்டதும் அவர் ஆரம்பித்துவிட்டார். அங்கே எந்தத் துறையில் எந்தச் சரக்கு இறங்கும் என்பதுவரை அவர் சொல்ல, அவள் ஆச்சரியப்பட்டு, எத்தனை வருஷம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். போனதே இல்லை என்று அவர் சிரித்தார்.

மூன்றாம் நாள் விஜயலக்ஷ்மி அவளை வீட்டுக்கு அழைத்துப்போய், கணவருக்குச் செய்வது போலவே உப்புக் குறைத்த பூசணிக்காய்க் கூட்டும் மோர் இல்லாத சாப்பாடும் போட்டாள். வெளியூரில் பத்தியம் பார்த்து ஒருத்தர் சாப்பாடு போடுவது இதுதான் முதல் தடவை என்று சரோஜாதேவி இரண்டு தரம் சொன்னாள்.

அவள் ஊருக்குத் திரும்பிய மறு வாரம், டெக்னீஷியன் ஜஹனாரா ஊசியைச் செருகிக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தாள். முப்பது வயதுப் பெண், ராயப்பேட்டைக்காரி. கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

"அந்தம்மா அங்கேர்ந்து இங்க வந்து மூணு தபா பண்ணிக்கினு போச்சு. நீங்க ஏன் சார் போகக் கூடாது? மெஷின் அங்கயும் இதே மெஷின்தானே கீது."

வெங்கடரமணன் மறுநாளே கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் நாற்காலியை விட்டு எழவே அலுத்துக்கொள்கிற மனிதர், மலேசியாவைப் பற்றிய புத்தகங்களை மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு நோட்டில் குறிப்பெடுத்தார். ஒரு வாரத்தில் திட்டம் தயாராகிவிட்டது. கோலாலம்பூர், மலாக்கா, பினாங்கு, லங்காவி. லங்காவியிலிருந்து படகில் இன்னும் நாலு தீவு. எட்டு நாளில் அத்தனையும்.

"இது யாத்திரையா, ஓட்டப் பந்தயமா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

அவளுக்குப் பயம். ராத்திரி மூச்சு முட்டினால் என்ன செய்வது, மொழி தெரியாத ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆனால் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வரைபடத்தின்மேல் குனிந்திருந்த கோலத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பென்சிலை வாங்கி மலாக்காவை அடித்தாள். நாலு தீவையும் அடித்தாள். மிச்சத்தை ஜஹனாராவிடம் காட்டினாள்.

ஜஹனாரா அதை டயாலிசிஸ் நாட்களுக்குள் மடக்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை இங்கே டயாலிசிஸ், அன்றிரவு விமானம். சனி, ஞாயிறு கோலாலம்பூர். ஞாயிறு மாலை பினாங்கு. திங்களும் புதனும் அங்கே டயாலிசிஸ், நடுவில் செவ்வாய்க்கிழமை பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க. புதன் மாலை லங்காவி. வியாழன் முழுக்கத் தீவு. வெள்ளி சென்னை. சனிக்கிழமை அவளே தன் ஷிஃப்டில் இடம் வைத்திருப்பாள். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்து, மூன்று நாள் இடைவெளி வாராவாரம் உள்ளதுதானே என்று தலையசைத்தார். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னார்.

ஹம்சினி புனேயிலிருந்தே டிக்கெட்டும் ஹோட்டலும் பார்த்தாள். சரோஜாதேவி போகும் சென்டருக்கு ஜஹனாரா மெயில் எழுதினாள். ரத்தப் பரிசோதனை முடிவுகள், டாக்டர் கடிதம், கடைசி பத்து டயாலிசிஸ் குறிப்புகள் என்று அவர்கள் கேட்கக் கேட்க, தன் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஸ்கேன் செய்து அனுப்பினாள். அது அவள் வேலையில் சேர்ந்ததே இல்லை.

விஜயலக்ஷ்மி மெல்ல மெல்லப் பயத்தை மறந்தாள். பாண்டி பஜாரில் அவருக்கு வழுக்காத செருப்பு வாங்கினாள். தனக்கு ஒரு சுடிதார் வாங்கினாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் சுடிதார். கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டபோது, கூச்சத்தில் பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டாள்.

கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது பினாங்கிலிருந்து பதில் வந்தது. புதன்கிழமை இடம் உண்டு. திங்கட்கிழமை காலை இல்லை. மாலை ஷிஃப்டில் வெளியூர்க்காரர்களைச் சேர்ப்பதில்லை, அந்த நேரத்தில் டாக்டர் இருக்க மாட்டார். செவ்வாய் வேண்டுமானால் தரலாம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே நாலு நாள். டாக்டரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மலேசியாவில் வேறு மூன்று சென்டர்களுக்கு ஜஹனாரா எழுதினாள். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள், மூன்றாவதிலிருந்து பதிலே இல்லை.

வெங்கடரமணன் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

"போனாப் போறது, விஜயா. லைப்ரரியில உக்காந்து எல்லாத்தையும் பாத்தாச்சு. எனக்கு அது போறும்."

அவர் கோபப்பட்டிருந்தாலாவது விஜயலக்ஷ்மிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று மாலை அவள் சுடிதாரை எடுத்துப் பையில் போட்டாள், கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வர. வாசல்வரை போனவள் திரும்பி வந்து மறுபடி பீரோவிலேயே வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு நாள் கழித்து, ஜஹனாரா போனை நீட்டினாள். திங்கட்கிழமை காலை ஆறரை மணி இடம் கிடைத்திருக்கிறது என்று பினாங்கு சென்டர் எழுதியிருந்தது. யாரோ வர முடியாமல் விட்டிருப்பார்கள், நமக்கு அதிர்ஷ்டம் என்று விஜயலக்ஷ்மி நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் வெங்கடரமணன் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நடந்து அவள் பார்த்து வெகு நாளாயிற்று.

விஷயத்தை ஜஹனாராவால் ஒரு வாரத்துக்கு மேல் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"மாமி, சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. ஆனா சொல்லாம இருந்தா எனக்கே ஒரு மாதிரி கீது. அது அவங்களோட இடம். அன்னிக்கு மட்டும் அவங்க சாயந்தர ஷிஃப்டுக்கு மாறிக்கினாங்க."

விஜயலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாலை ஷிஃப்ட் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியேறிவிட்டால் அன்றைய பகல் நம்முடையது. மாலைவரை காத்திருந்தால் அன்று முழுக்கக் கால் வீங்கி, மூச்சு வாங்கும். முடிந்து வீடு போய்ச் சேரப் பத்து மணியாகிவிடும். இந்த வியாதியில் காலை இடம் என்பது வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்குவது. ஒரு வாரம் பழகியவர்களுக்காக ஒருத்தி அதை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அன்று மத்தியானமே போன் செய்தாள். என்ன சொல்வதென்று மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் சரோஜாதேவியின் குரல் கேட்டதும் மறந்துபோனது. "இப்படிப் பண்ணிட்டேளே" என்று மட்டும் சொல்லி அழுதாள்.

"அட, இதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களாம்மா? ஒரு நாள்தானே லா. நான் அங்க வந்தப்ப முதல் நாள் எப்படி நடுங்குனேன் தெரியுமா? உங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டே இருந்தாரு, நாலு மணி நேரம் ஓடிப்போச்சு. அவரு வந்து எங்க ஊரை ஒரு தடவ பாக்கணும். அவ்ளோதான்."

இங்கிருந்து என்ன கொண்டு வரட்டும் என்று விஜயலக்ஷ்மி கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றவள், கொஞ்சம் யோசித்து, தி.நகரில் தைக்கக் கொடுத்த மூன்று ரவிக்கையைத் தையல்காரர் கடைசிவரை கொடுக்கவே இல்லை, அதை மட்டும் வாங்கி வர முடியுமா என்றாள். விஜயலக்ஷ்மி மறுநாளே உஸ்மான் ரோடு பக்கத்துச் சந்தில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்தாள். ரவிக்கைகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. இரண்டு மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, தையல்காரர் மூன்றையும் தைத்து, ஹூக் வைத்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

கிளம்புகிற வெள்ளிக்கிழமை ஜஹனாரா ஒரு தாள் கொடுத்தாள். இளநீர் கூடாது, டுரியான் பழம் கூடாது, நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், ஊசி போடும் இடது கையில் பை தூக்கக் கூடாது. அடியில் தன் நம்பரைப் பெரிதாக எழுதி, எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று சேர்த்திருந்தாள்.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தார்கள். பினாங்கில் திங்கட்கிழமை காலை, வெங்கடரமணன் சரோஜாதேவியின் படுக்கையில் படுத்தார். ஜன்னல் பக்கத்துப் படுக்கை அது. தனக்கு மாலைதான் என்றாலும் அவள் பத்தரை மணிக்கே வந்துவிட்டாள். முகம் உப்பியிருந்தது, படியேறியதில் மூச்சு வாங்கியது. அவர் எழுந்ததும், முதலில் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று காரில் ஏற்றிக்கொண்டாள்.

கப்பல்கள் நிற்கும் இடத்தில் வெங்கடரமணன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கன்டெய்னர்களின் மேல் இருந்த கம்பெனிப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தார். பிறகு சரோஜாதேவியின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். அவள், வெயில் ஏறுகிறது, வாங்க ஐயா, என்றாள். காரில் ஏறியதும் விஜயலக்ஷ்மி ரவிக்கைப் பையை அவள் மடியில் வைத்தாள். அவள் அங்கேயே ஒன்றைப் பிரித்து, கையளவைப் பார்த்துச் சிரித்தாள். பரவாயில்லை, சரியாகத் தைத்திருக்கிறான் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பழைய ஊரின் தெருக்கள். சீனக் கோயில், நாலு வீடு தள்ளி மசூதி, அதற்கு அடுத்த தெருவில் மாரியம்மன். புதன் மாலை சின்ன விமானத்தில் ஏறி லங்காவியில் இறங்கினார்கள்.

வியாழக்கிழமை காலை கடற்கரையில் கூட்டம் இல்லை. தண்ணீர் அலையே இல்லாமல் கண்ணாடிபோல் கிடந்தது. நேற்று ஊசி போட்ட கை நனையக் கூடாதென்பதால் வெங்கடரமணன் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக் கரையோரம் கால் நனைத்து நின்றார். விஜயலக்ஷ்மி அவர் பக்கத்தில் நின்றாள். மெரினாவுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடல் அவளைத் தொட்டதில்லை. புடவை நனையும், அலை இழுக்கும், நேரமாகும் என்று ஏதாவது ஒன்று.

"நீ போயேன், விஜயா" என்றார் அவர். "நான் எங்கேயும் போகமாட்டேன்."

அவள் சுடிதாரோடு நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. வெதுவெதுப்பான தண்ணீர் அவளை மெல்லத் தூக்கியது. ஆறு வருஷமாக ஒரு கண்ணைக் கடிகாரத்தின்மேலும் ஒரு கண்ணை அவர் முகத்தின்மேலும் வைத்தே பழகியவள், கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் பக்கத்து அந்தப் படுக்கையையும், வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து மெயில் எழுதிய ஜஹனாராவையும் நினைத்தாள்.  யாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் தண்ணீரில் அப்படியே நின்றாள்.

கரையிலிருந்து வெங்கடரமணன், காத்து வருது, போறும் வா என்று கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்ச நாழி" என்றாள் விஜயலக்ஷ்மி, கண்ணைத் திறக்காமலே.