கார்டின் பின்பக்கத்து மௌத்து

தன் புருசன் முனாப் மௌத்தாகி உயிரை விட்ட செய்தி றுகையாவுக்குத் தெரிய வந்தபோது, முனாப் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டோவை நிழலில் விட்டுவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

செய்தியைச் சொன்னவள் ஒரு வெள்ளைக்காரி. அறுகம்பேயில் உல்லாசப் பயணிகள் வரும் ஒரு கைவினைக் கடை அது, றுகையா கையால் செய்யும் வாழ்த்துக் கார்டுகளை விற்கக் கொடுக்கும் கடை. கார்ட் தட்டுக்கு முன்னால் நின்றவள் ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்தாள், றுகையாவைப் பார்த்தாள், மறுபடி கார்டைப் பார்த்தாள். பிறகு நேரே வந்து றுகையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மெல்ல என்னவோ சொன்னாள். அதில் ‘சொறி’ என்பதும் ‘ஹஸ்பண்ட்’ என்பதும்தான் றுகையாவுக்குப் பிடிபட்டது. புருசனைக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, றுகையா சிரித்த முகத்தோடு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். ரோட்டுக்கு அப்பால் ஓட்டோ நின்றது, ஓட்டோவுக்கு அப்பால் கடல் கிடந்தது. வெள்ளைக்காரி கடலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு றுகையாவை இறுக்கிக் கட்டிப்பிடித்து ஒருபாடு அழுதாள்.

அவள் கை விட்ட பிறகுதான் றுகையா அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தாள். முன்பக்கம் அவள் செய்ததுதான், அதில் சந்தேகமே இல்லை. நடுவில் சின்னதாக ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி ஒல்லியான தாள் கீலங்கள், வயலும் வரம்பும் மாதிரி, மூலைகளில் முக்கோணங்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை போல இருக்கும், ஆனால் எல்லாமே தாள். பின்பக்கத்தை எப்போதும் அவள் வெறுமையாகத்தான் விட்டுக் கொடுப்பாள். அந்த இடத்தில் இப்போது ஒரு லேபல் ஒட்டியிருந்தது. லேபலில் அவளுடைய முகம். யாரோ ஒருவரின் கல்யாண வீட்டில் செருப்பைத் தேடிக் குனிந்தபோது எடுபட்ட படம். செருப்புக் கிடைக்காத கவலை, சோகமாகிப் போயிருந்தது.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் பாஸ் பண்ணியவள்தான் றுகையா, ஆனால் பாஸ் பண்ணிய பிறகு அதை எடுத்துத் தூசி தட்டியதில்லை. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘என் பெயர் றுகையா. சுனாமி என் கணவரைக் கொண்டுபோனது. அவர் துணிச்சலான மீனவர். நான் வெட்டும் ஒவ்வொரு துண்டும் அவரைப் பற்றிய ஒரு நினைவு. நீலத் துண்டுகள், அவரைக் கொண்டுபோன கடல்.’

நீலத் துண்டுகள் சவர்க்காரப் பெட்டி. சிவப்பு, சம்மாந்துறையில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் கொடுத்த கலண்டர். பச்சை, பழைய கல்யாணக் கார்டுகளின் உறை. துணிச்சலான மீனவரோ ரோட்டுக்கு அப்பால் இளநீர்க் கோம்பையைப் பிளக்கச் சொல்லி வழுக்கையை வழித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தோணியில் ஏறினால் தலை சுற்றும்.

றுகையாவுக்குக் காது சுட்டது. புருசனை உயிரோடு கொன்றதற்காக மட்டும் வந்த சூடு என்றால் அவள் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கத்திவிட்டு ஆறியிருப்பாள். அதற்குள் இன்னொன்று இருந்தது. சுனாமியில் கடல் கொண்டுபோன புருசன் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவர் றுகையாவின் ராத்தா ஸுல்பிகாவின் புருசன், நஸீம். சாய்ந்தமருதில் ஒரே வளவுக்குள் ராத்தாவுக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு. பின்னேரமானால் ஸுல்பிகா கத்திரிக்கோலோடு வந்து பாயில் உட்கார்ந்து, றுகையாவுக்கு முக்கோணங்கள் வெட்டிக் கொடுப்பாள். இத்தனை வருசத்தில் அந்தக் காலையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். நிவாரணக்காரர்கள், படம் பிடிக்க வந்தவர்கள், எல்லோரையும் அப்படித்தான் அனுப்பினாள். அந்த ராத்தா வெட்டிய முக்கோணத்தின் முதுகில் ராத்தாவின் மௌத்தையே ஒட்டி விற்றிருக்கிறார்கள். இது அவள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தபோது றுகையாவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது.

கடைக்காரன் றிபாஸ் நல்ல வாய்க்காரன். சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னான். வெள்ளைக்காரர் கார்ட் வாங்க வருவதில்லையாம், கதை வாங்கத்தான் வருகிறார்களாம். கதை இல்லாத கார்ட் தட்டிலேயே கிடந்து வெளிறிப் போகுமாம். பக்கத்துக் கடையில் விற்கும் துணிப் பைக்குக்கூட ஒரு அநாதைப் பிள்ளை இருக்கிறதாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தங்கச்சி இதையெல்லாம் பெரிசாக எடுக்கக் கூடாது என்றான்.

“இந்தக் கதைய உங்களுக்கு ஆரு செல்லின?” என்று றுகையா கேட்டாள்.

றிபாஸின் சிரிப்புக் குறைந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். “உங்கட அவர்தான்” என்றான்.

திரும்பி வரும் வழியில் அவள் ஓட்டோவின் பின் சீற்றில் கல்லாட்டம் இருந்தாள். முனாப் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினான். கோமாரி தாண்டியதும் என்ன கோபம் என்று கேட்டான். திருக்கோவில் தாண்டியதும் மறுபடி கேட்டான். அவள் அந்தக் கார்டை அவன் தோளுக்கு மேலால் நீட்டினாள். ஓட்டோ ஒருதரம் ரோட்டை விட்டு இறங்கி ஏறியது.

அதற்குப் பிறகு அக்கரைப்பற்று வரைக்கும் அவன்தான் கதைத்தான். றிபாஸ் கதை கேட்டது உண்மையாம், வீட்டில் சுனாமியில் மௌத்தானவர் யாருமில்லையா என்று கேட்டதும் உண்மையாம், தன் வாயில் நஸீம் மச்சானின் பேர் வந்துவிட்டதாம். மதினி ஸுல்பிகாவின் படம் வேண்டும் என்று றிபாஸ் சொன்னானாம். மதினி அதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டா என்பது தனக்குத் தெரியாதா, அதனால்தான் றுகையாவின் படத்தைக் கொடுத்து இந்த ஏற்பாடாம்.

“மதினியட மனசு நோகப்படா எண்டுதான் நான் என்னையே மௌத்தாக்கின” என்றான்.

என்ன ஒரு தியாகம். றுகையாவுக்கு அவன் பிடரியில் ஒன்று போடலாம் போல இருந்தது. ராத்தாவுக்கு நோகக் கூடாது என்று ராத்தாவுக்குத் தெரியாமல் அவள் புருசனின் மௌத்தை எடுத்திருக்கிறார். களவுக்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒலுவில் போனது, நிந்தவூர் போனது, காரைதீவுச் சந்தியும் போனது. அவள் வாய் திறந்தால் ஓட்டோவே தீப்பற்றும் என்பது முனாப்புக்கும் விளங்கியிருக்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினான்.

வளவு வாசலில் இறங்கியதும் அவள் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஏறி நின்றுகொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தாள். வீடு அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்தது, உறுதிப் பத்திரமும் அவள் பேரில்தான். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் போகவும் வேண்டி வரலாம் என்பதை மாப்பிள்ளைமார் சாதாரணமாக நினைப்பதில்லை.

“மௌத்தானவருக்கு இந்த ஊட்டுல என்ன வேல?” என்றாள். “உங்கட உம்மாட ஊட்ட போங்க. அவவுக்கு நீங்க இன்னும் உசிரோடதான் இரிக்கீங்க.”

கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் கூரையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

முனாப் உம்மா வீட்டுக்குத்தான் போனான். மாளிகைக்காட்டில் இருந்த உம்மா ஒருநாள் பொறுத்தா, இரண்டாம் நாள் போன் எடுத்து என்னடி நடந்தது என்று கேட்டா. உங்கட மகனிடம் கேளுங்கள் என்றாள் றுகையா. ஸுல்பிகாவும் கேட்டாள். முனாப் மச்சானைக் காணவில்லையே என்று, முக்கோணம் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். றுகையாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டாள். ‘இதை நான் சொன்னால் நானும் அவரோடு கூட்டுச் சேர்ந்து ராத்தாவை நோகடித்த ஆளாகிவிடுவேன். செய்தவர் வந்து சொல்லட்டும். தன் வாயால் சொல்லட்டும்.’ அன்று அவள் ஒட்டிய கார்டில் ஒரு மூலையும் மூலையோடு சேரவில்லை. கிழித்துப் போட்டாள். அடுத்ததையும் கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு, முனாப் வந்தான். கையில் ஒரு சொப்பிங் பை. அறுகம்பேக்குப் போய், விற்காமல் கிடந்த எல்லாக் கார்டையும் எடுத்து, லேபல்களைத் தானே உரித்துக்கொண்டு வந்திருந்தான். பசை நல்ல பசை. சிலதில் கார்டின் தோலும் சேர்ந்து வந்திருந்தது. பையை வாசலில் வைத்துவிட்டு, இனி ஒருத்தரும் வாசிக்க மாட்டார்கள், எல்லாம் முடிஞ்சிது, உள்ளே வரட்டா என்று கேட்டான்.

முடிந்ததாம். வாங்கிக்கொண்டு போன வெள்ளைக்காரர்கள் எத்தனை நாட்டில் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார்கள்? அங்கேயெல்லாம் நஸீம் மச்சான் மீன்பிடித்துக்கொண்டு மௌத்தாகிக் கிடக்கிறார். றுகையா பையில் இருந்து ஒரு லேபலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இதுல இரிக்கிறது ஆருட மௌத்து? உடையவட்ட போய் வாசிங்க. வாசிச்சிப்போட்டு வாங்க, பொறகு பாப்பம்.”

அவன் முகம் செத்துப்போனது. அதை விட்டு வேறு எதுவும் செய்யச் சொல் என்றான். அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசலைக் காட்டிவிட்டு, அவன் பின்னாலேயே நடந்தாள். பாதியில் ஓடிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

ஸுல்பிகா விறாந்தையில் பாய் போட்டு, மடியில் கலண்டர் தாளும் கையில் கத்திரிக்கோலுமாக இருந்தாள். முனாப் நின்றுகொண்டே வாசித்தான். ஆங்கிலத்தைத் தமிழாக்க அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை, அவன் சொன்னதைத்தானே எழுதியிருந்தார்கள். சுனாமி என் கணவரைக் கொண்டுபோனது என்று வாசித்தான். கத்திரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் துணிச்சலான மீனவர் என்று வாசித்தான்.

கத்திரிக்கோல் நின்றது.

றுகையாவுக்கு அந்த நிமிசத்தில் பயம் வந்தது. ராத்தா எழும்பிப் போய்விடுவாள், இனி முக்கோணம் வெட்ட வரவே மாட்டாள் என்று நினைத்தாள். இப்படி நேருக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது பிழையோ என்றும் தோன்றியது. ஆனால் ஸுல்பிகா எழும்பவில்லை.

“மீன்காரரா?” என்று கேட்டாள். “அவர் மேசன். அவருக்கு நீந்தத் தெரியா. கடக்கரையில ஒரு ஊட்டுச் செவருக்குப் பூச்சுப் பூசப் போனவர். மிச்சம் கொஞ்சந்தான், லுஹர் தொழுகைக்கு முந்தி வந்திருவன் எண்டு செல்லிட்டுப் போனவர்.”

இத்தனை வருசத்தில் அவள் சொன்னது அவ்வளவுதான். அதையும் கணக்குத் தீர்ப்பது போலச் சொன்னாள். பிறகு முனாப்பைப் பார்த்தாள். முழுவதையும் வாசிக்கும்படி சொன்னாள். அவன் நீலத் துண்டுகள் வரைக்கும் வாசித்தான். கடைசி வரியில் குரல் உடைந்து தமிழும் இல்லை ஆங்கிலமும் இல்லை என்று ஆனது.

ஸுல்பிகா மடியில் இருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“அதுல அவர்ட பேர் போட்டிரிக்கா, மச்சான்?”

முனாப் லேபலைத் திருப்பியும் பார்த்தான். “இல்ல மதினி.”

“அவர்ட மௌத்த எடுத்த நீங்க” என்றாள் ஸுல்பிகா. “அவர்ட பேரையும் எடுத்திருக்கலாமே. அது நல்ல பேர்.”

முனாப் அப்படியே விறாந்தைச் சீமெந்தில் குந்திவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். றுகையா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழட்டும். மனம் இரங்குவதற்கு அவளிடம் ஒரு பொட்டு இடமும் மிச்சமில்லை. அந்தச் சிரிப்புக்கார றிபாஸ், அந்த அழுத வெள்ளைக்காரி, பேர் இல்லாத மௌத்தை நம்பி வாங்கிய ஊரறியாத ஆட்கள், எல்லோர் மீதும் இருந்த ஆத்திரம் இந்த ஒரு மனிசனின் முதுகில் வந்து இறங்கியிருந்தது. ராத்தா ஒரு வார்த்தை கத்தியிருந்தால் தனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைத்தாள். ராத்தா கத்தவில்லை. கத்திரிக்கோலை மறுபடி எடுத்தாள்.

“அவருக்குச் சோத்தப் போடு, றுகையா” என்றாள். “மூணு நாளாத் திண்ட மொகமா இது?”

ராத்தா சொன்னால் சொன்னதுதான். றுகையா வீட்டுக்குப் போனாள், சோறு போட்டாள், பால் ஆணமும் ஊற்றினாள், துணிச்சலான மீனவருக்கு மீன் மட்டும் வைக்கவில்லை. முனாப் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்த சத்தம் ஸுல்பிகாவின் விறாந்தைக்கும் கேட்டது.