யாரும் உட்காராத நாற்காலியின் தேய்மானம்

பழைய மரச்சாமான்களை மதிப்பிடுகிறவள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், கதவோரம் கிடந்த நாற்காலி யாரும் உட்காராமலேயே தேய்ந்துகொண்டு வந்தது. அதை வாங்கி வந்த இரண்டாம் வருடம் தேய்மானம் தொடங்கியது. தேன்மெழுகு விலை ஏறியதும் கடைத்தெரு ஒருவழிப் பாதையானதும் அதே வருடம்தான். முதலில் இடது கைப்பிடியின் நுனியில், பெருவிரல் ஒன்று வசதியாக உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. பிறகு முன்கால்களை இணைக்கும் குறுக்குக் கட்டையில், இடது ஓரமாக ஒரு குதிகால் தடம். அதற்கும் பிறகு வலது முன்காலின் உட்புறத்தில், செருப்பு விளிம்பு உரசினாற்போல் சாய்வான கீறல்கள்.

மதிப்பீட்டாளரை ஊரில் டார்ச் என்றுதான் சொல்வார்கள். ஏல வீட்டுக்குள் நுழைந்தால் மேசையின் பளபளப்பை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, டார்ச் விளக்கோடு நேராக அடியில் போய் மல்லாந்து படுத்துவிடுவாள். மேல் பலகை ஒரு மேசையுடையதாகவும் கால்கள் வேறொன்றுடையவையாகவும் இருந்தால், "ஒண்டுக்குடித்தனம்" என்று அடியிலிருந்து குரல் வரும்; ஏலம் அத்தோடு படுத்துவிடும். பூச்சி அரித்த துளையில் குண்டூசியை விட்டுப் பார்ப்பாள். ஊசி நேராக இறங்கினால் அது துளைக்கருவி வேலை. பூச்சி ஒருநாளும் நேராகப் போகாது. போலி செய்கிறவன் நாற்காலியை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ப்பான், மனிதர்கள் அப்படி உட்கார மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

இந்தச் சாப்பாட்டு மேசையை அவள் தன் வீட்டுக்கென்றே வாங்கினாள். விற்றவர் பழைய சாமான் வியாபாரி, பேச்சினால் சர்க்கரை என்று பெயர் எடுத்தவர். வட்ட மேசையை அவள் நாடா வைத்துக் குறுக்கே இரண்டு வாக்கில் அளந்தாள். அளவுகள் ஒத்துப்போகவில்லை. அதில்தான் அவளுக்குத் திருப்தி. மரம் வயதாக ஆக அகலவாக்கில் சுருங்கும், உண்மையிலேயே பழைய வட்டம் வட்டமாக இருக்காது. கூட வந்த ஆறு நாற்காலிகளில் கைப்பிடி வைத்தவை இரண்டு. அவற்றில் ஒன்று மட்டும் நேற்றுச் செய்ததுபோல் மழமழவென்றிருந்தது. மூட்டுகள், மரம், உளித்தடம் எல்லாம் மற்றவற்றோடு ஒத்துப்போயின.

"இதுல யாரும் உட்கார்ந்ததே இல்லை" என்றாள்.

"உங்க வீட்டுக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கு மேடம்" என்றார் சர்க்கரை.

"அந்தப் பேச்செல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்குங்க."

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். பொய்யை மெய்போலச் செய்வது அவர் பிழைப்பு, மெய்போல இருக்கும் பொய்யைப் பிடிப்பது அவள் பிழைப்பு என்று தெருவில் கேலி பேசுவார்கள். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். கனத்த உடம்புக்காரர், வலதுகைக்காரர். மேசையின் தலைமாட்டில் கிடந்த மற்றக் கைப்பிடி நாற்காலிதான் அவருடையது. அவர் பாரம் தாங்காமல் அதன் மூட்டுகள் வருடாவருடம் ஆட்டம் கண்டன. எனவே கதவோர நாற்காலியில் பள்ளம் விழுந்தபோது டார்ச்சுக்கு ஒன்று உடனே விளங்கிவிட்டது. அது அவர் தடமும் இல்லை, தன்னுடையதும் இல்லை. தடத்தைப் படித்தாள். இடதுகைக்கார ஆள், ஒல்லி, இடது பக்கம் சாய்ந்து உட்காருகிற ஆள், வலது காலை அடக்கி வைக்கத் தெரியாத ஆள்.

முதல் சந்தேகம் சர்க்கரைமேல் விழுந்தது: நாற்காலியை மாற்றிவிட்டான். அடியில் தான் பென்சிலால் போட்ட குறி அப்படியே இருந்ததால் அந்தச் சந்தேகம் செத்தது. அடுத்து, இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே தையல் நூலைக் கட்டி வைத்தாள். நூல் அறுபடவில்லை, பள்ளம் ஆழமானது. அவள் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. வேறு யாராவது என்றால் அங்கே மலைத்து நின்றிருப்பார்கள். இவள் அப்படியல்ல. தன் முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் அதே மாதிரி போடுகிற கை வீட்டுக்குள் யாருக்கு இருக்கிறது என்று யோசித்தாள். நாள் முழுக்க மெல்லிய கம்பிகளை வளைத்துப் பற்களை நிறுத்துகிற கை ஒன்று இருந்தது.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற பெண் ஒல்லி. இடது கையால்தான் குத்துவாள். அவள் மேல்வரிசைப் பல்லுக்கு அளவு கொடுக்கக் கணவரின் பட்டறைக்கு வந்திருந்த காலையில், டார்ச் நாடாவோடு உள்ளே போனாள். அந்தப் பெண் வாய் நிறைய அச்சுக் களிம்போடு அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். டார்ச் கீழே குந்தி அவள் முழங்காலிலிருந்து குதிகால்வரை அளந்தாள்.

"என்ன பண்றே?" என்றார் கணவர்.

"அளக்கிறேன்."

"எதுக்கு?"

"நம்ம வீட்டு நாற்காலியில வந்து உட்கார்றது யாருன்னு தெரிஞ்சுக்க."

அளவு சேரவில்லை. "குதிகால் உசந்த செருப்பு போட்டிருந்தா சரியா வரும்" என்று அவள் சத்தமாகவே சொன்னாள். வாய் திறந்து மறுக்க முடியாமல் அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. கணவர் களிம்பு இறுகும்வரை பொறுத்திருந்து, அச்சை எடுத்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, அந்தப் பெண்ணைக் கும்பிட்டு அனுப்பினார். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் சட்டைகளை எடுக்க வந்தார்.

"நான் செஞ்ச பல்லை மாட்டிக்கிட்டு ஊர்ல அத்தனை பேர் சிரிக்கிறாங்க. ஒருத்தர்கூட என்னைப் பொய்யன்னு சொன்னதில்லை" என்றார்.

"தேய்மானம் பொய் சொல்லாதுங்க."

"அப்போ அந்தத் தேய்மானத்தோடவே குடும்பம் நடத்து."

அவர் அடுத்த ஊரில் பட்டறை போட்டார். டார்ச் வாசல் பூட்டை மாற்றினாள். பூட்டு மாறிய பிறகும் நாற்காலி தேய்ந்தது. கைப்பிடிப் பள்ளத்தில் மெருகு ஏறியது, குறுக்குக் கட்டையின் தடம் கிண்ணம்போல் குழிந்தது. அவர்மேல் தப்பில்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று. போய்ச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் நம்புவாரா என்று அதிலும் ஒரு சந்தேகம். பஸ் ஏறிப் போய், பட்டறைக்கு எதிரில் நின்று, உள்ளே அவர் யாருடைய கடைவாயையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். நாற்காலியை விற்கவும் பார்த்தாள். "தேய்மானம் அசல். உட்கார்ந்தவர் யாருன்னு தெரியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னதால் யாரும் வாங்கவில்லை. வருடங்கள் இப்படியே போயின. அவளுக்குக் கண்ணாடியின் கனம் கூடியது. தபால் நிலையப் பெண் மாற்றலாகிப் போனாள்.

ஒரு முற்பகலில் சர்க்கரையின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"மேடம், ஒரு பழைய சாமான் கொண்டாந்திருக்கேன். கொஞ்சம் அடிபட்டிருக்கு."

"வேண்டாம். நீங்க கொண்டு வர்றதெல்லாம் ஒண்டுக்குடித்தனம்."

"இது அசல் மேடம். நீங்க வந்து கூப்பிட்டாத்தான் இறங்குமாம்."

வண்டிக்குள், ஒரு அலமாரிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் நடுவில், சாமான்களுக்குச் சுற்றுகிற கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. வலது கையும் காலும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. உடம்பு பாதியாக வற்றியிருந்தது. தன் பல்செட்டைச் சரிபண்ணப் போன சர்க்கரை, பட்டறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, விசாரித்துத் தேடிப் பிடித்திருந்தார்.

"பார்த்து வாங்கு. சேதாரம் இருக்கு" என்றார் கணவர். சொற்கள் ஒரு பக்கமாக வழுக்கி வந்தன.

"உள்ள வாங்க முதல்ல" என்றாள் டார்ச்.

சூப்பைச் சூடு பண்ண அவள் அடுப்படிக்குப் போனாள். தலைமாடுவரை நடக்கத் தெம்பில்லாமல் அவர் கதவோர நாற்காலியிலேயே சரிந்தார். அவள் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது, அவருடைய இடது பெருவிரல் கைப்பிடிப் பள்ளத்தில் படுத்திருந்தது. இடது குதிகால் குறுக்குக் கட்டையின் குழியில் போய் உட்கார்ந்திருந்தது. அடங்காத வலது காலை அவர் பாடுபட்டு உள்ளே இழுத்தார்; கழற்றாத செருப்பின் விளிம்பு ஒரு கீறலையும் விடாமல் அத்தனையின் மீதும் ஓடி நின்றது. அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

"அங்க என்ன பண்றே?"

"பார்க்கிறேன்."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

வெளிச்சம் தரையில் ஆடியது. "நீங்கதாங்க" என்றது குரல். "அப்பவும் நீங்கதான்."

அவர் அதை மெதுவாக மென்று பார்த்தார். "ஆக, நான் என்னையே உனக்குத் தெரியாம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"மன்னிச்சிடுங்க."

"வெளியே வந்து சொல்லு."

அவள் வெளியே வந்து, முட்டியில் ஒட்டிய தூசியோடு நின்று, திரும்பவும் சொன்னாள். அவர் தலையசைத்தார். பிறகு பெருவிரலால் பள்ளத்தைத் தடவியபடி, "இது எத்தனை வருஷ ஆழம்?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆழத்தை வருடமாக மாற்றுவதுதான் அவள் தொழில்.

"இது கெட்டி மரம். இவ்வளவு குழிய ரொம்ப வருஷம் ஆகும்."

"நிஜமாவா? இல்ல, ஆறுதலுக்குச் சொல்றியா?"

"என் மதிப்பீடு தப்பினதே இல்லை."

"ஒரு தடவை."

"ஒரு தடவை" என்று ஒப்புக்கொண்டு, கரண்டியை அவர் இடது கையில் கொடுத்தாள்.

அவர் ரொம்ப வருடம் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்க்கரையும் வந்து தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ருசியைப் புகழ்ந்து தள்ளி, அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போவார். கதவோர நாற்காலி அதற்குப் பிறகு ஒரு மயிரிழைகூடத் தேயவில்லை. அது தேய வேண்டியதை முன்பே தேய்ந்து முடித்திருந்தது. சாமான் பார்க்க வருகிறவர்கள் விவரம் கேட்டால், வயது மற்ற ஐந்தின் வயதேதான், தேய்மானம் வீட்டுக்காரருடையது என்பாள் டார்ச். அதற்குமேல் யாரும் துருவியதில்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு, அவர்கள் எதிரிலேயே கணவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.