குருவின் இடது கை

ஏழாவது பேஸ் கிதார் ஆளும் போய்விட்டான். காரணம் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினான். இரண்டு வருடத்தில் ஏழு பேர். பத்துமலை முருகன் கோயில் படியைக்கூட இவ்வளவு வேகமாக யாரும் இறங்க மாட்டார்கள்.

எங்களுடையது கல்யாணங்களுக்கு வாசிக்கிற சின்ன இசைக்குழு. பாடுவதும் நடத்துவதும் என் அக்கா புருஷன் இராமலிங்கம். டிரம்ஸ் தனேஷ். கீபோர்டு நான், குரு. பேஸ் கிதாருக்கு மட்டும் எவனாவது வருவான், போவான். இந்த நேரம் பார்த்துப் பினாங்கில் ஓர் இசைப் பள்ளி எனக்கு வாத்தியார் வேலை தருவதாக எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயதில் இன்னொரு கடிதம் வராது. மாமாவிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

“நீ தாராளமா போ குரு. நெலையா ஒரு பேஸ் ஆளு நின்னுட்டா போதும். உன்ன யாரு கட்டிப்போட்டா?”

கட்டித்தான் போட்டிருந்தார். பேஸ் ஆள் இல்லாத நாட்களில் அதையும் கீபோர்டில் இடது கையால் வாசித்துச் சமாளிப்பவன் நான். நானும் போனால் மாமாவின் தொண்டையும் தனேஷின் இடியும்தான் மிச்சம். அப்புறம் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

ஓடிப்போனவர்கள்மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல். சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறார்களா? நாலாவதாக வந்த திமோத்தி போகும்போது, “உங்க பேண்டுல பேஸ் ஏற்கெனவே இருக்கு லா, அண்ணே” என்றான். சோம்பேறிக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவதாக ஷார்மைனை நானே தேடிப் பிடித்தேன். மெதடிஸ்ட் சர்ச்சில் வாசிக்கிறவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடை மாடிதான் எங்கள் ஒத்திகை அறை. அங்கே நாலு நாள் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வாசிப்பாள். இவள் நிற்பாள் என்று தெரிந்ததும் மனதுக்குள் பினாங்குக்குப் பெட்டி கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. ஆறு பாட்டு முடிந்து இடைவேளை. மேடைக்குப் பின்னால் ஷார்மைன் கிதாரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே ஓடினேன்.

“என்ன ஷார்மைன், இன்னும் ஆறு பாட்டு இருக்கே?”

“நீங்களே வாசிச்சுக்குங்க அண்ணே.”

“நான் எதுக்கு? பேஸ் நீதானே.”

“அப்படியா? ஒத்திகையில சொல்லிக்கொடுக்கத்தான்னு நெனச்சேன். இங்கயும் நான் வாசிக்கிறத எல்லாம் நீங்களும் இடது கையில வாசிக்கிறீங்க. எனக்கு முன்னாடியே வாசிக்கிறீங்க. ரெண்டும் இடிக்குதுன்னு சவுண்டு அண்ணன் என் சத்தத்தத்தான் கொறைச்சாரு. அப்புறம் நான் எதுக்கு இங்க?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திமோத்தி சொன்னது ஞாபகம் வந்தது. ஏழு பேரையும் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சத்தியமா தெரிஞ்சு செய்யல, ஷார்மைன். ஒரே ஒரு பாட்டு வா. இந்தக் கைய எடுக்கவே மாட்டேன்.”

அவள் யோசித்துவிட்டுக் கிதாரை வெளியே எடுத்தாள்.

இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லவியில் அவளுடைய பேஸ் தனியாகக் கேட்டது. கேட்கவே நன்றாக இருந்தது. பினாங்குக்கு என்ன எழுதலாம் என்றுகூட யோசித்தேன். சரணத்தில் கல்யாண வீட்டார் எழுந்து ஆடத் தொடங்கினார்கள், தனேஷ் வேகம் கூட்டினான், நானும் பாட்டோடு போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஷார்மைன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேஸ் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு முடியும்வரை மரியாதைக்கு நின்றுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். மாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“போனா போறா லா. நீதான் இருக்கியே.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரைப் போய்த் திட்டுவான்? எனக்கு அழுகை வந்தது. தனேஷ் அடுத்த பாட்டுக்குத் தட்டினான். இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தேன்.