அரை இருந்த இடத்தில் கட்டம்

என் அக்காவுக்கு இதயப் படபடப்பு. காலையில் எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவமனையின் செயலி வழியாக அவள் கணவரின், அதாவது மாமாவின், போனுக்கு வந்துவிடும். ‘1 மாத்திரை’ என்றிருந்த வரி ஒருநாள் மாறியது. ஒன்று இருந்த இடத்தில் வெறும் கட்டம் நின்றது. மாத்திரை கொடுத்தபின் தொட்டு அடையாளம் வைக்கச் சொல்கிறார்கள் என்று மாமா எடுத்துக்கொண்டார். தினமும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுக் கட்டத்தைத் தொட்டார். அடையாளம் விழவில்லை. திரையைத் துடைத்துவிட்டு இன்னும் அழுத்தித் தொட்டார்.

அந்த மாதமே அக்கா குளியலறையில் மயங்கி விழுந்தாள். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தாராம். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. செயலியில் மாற்றியதோடு சரி. வார்டில் எல்லோர் முன்னிலும், “அரைன்னு போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்று மாமாவைக் கேட்டார்.

மாமா மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, இனி நீயே பார்த்துக்கொள், என்னை நம்ப வேண்டாம் என்றார்.

மாமாவின் போனோடு மாடியிலிருந்த கணினிப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் கட்டத்தைப் பார்த்ததும், போன் பழசு, மாற்றுங்கள் என்றார். தன் போனில் அதே செயலியைத் திறந்து காட்டினார். ½ பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் ஆங்கிலம்.

“தமிழ்ல வெச்சுப் பாருங்க சார்,” என்றேன்.

வைத்தார். அரை காணாமல் போய்க் கட்டம் வந்து உட்கார்ந்தது. அவர்கள் சேர்த்திருந்த தமிழ் எழுத்துருவில் அந்தக் குறியே இல்லையாம். யாராவது ஒருமுறை தமிழில் திறந்து பார்த்தீர்களா என்றேன். நேரமில்லை என்றார். ‘அரை’ என்று எழுத்தில் போட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்றேன். குறி போட்டால்தான் அழகாக இருக்குமாம்.

அழகு. அக்காவின் நெற்றியில் நாலு தையல்.

அங்கேயே நின்று எழுத்தில் மாற்ற வைத்தேன். பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டி, திட்டிய இடத்திலேயே மாமாவிடம் வந்து பேசச் சொன்னேன். அக்காவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “ஏதோ சாஃப்ட்வேர் கோளாறு. இனிமே நீங்களும் கவனமா இருங்க,” என்றார்.

அக்காதான் பேசினாள்.

“அவரு கவனமாத்தான் இருந்தாரு டாக்டர். அந்தக் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுத் திரையே தேஞ்சு போச்சு. பாக்காம விட்டது நீங்கதான்.”

பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி மாமாவின் மடியில் வைத்தாள்.

“நாளைக்கு நீங்களே பாதியா உடைச்சுக் குடுங்க. இவன் உடைச்சா தூளாக்கிடுவான்.”